கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்

வீடு திரும்பும் நாளில் நோயாளிகள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. என்ன உண்ணலாம், எப்போது குளிக்கலாம், மாடிப்படி ஏறலாமா, தையல் பிரிக்க என்று வரவேண்டும் என்பன முதலில் வரும். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டப்போகும் வேளையில்தான், "வண்டி எப்போது எடுக்கலாம்?" என்ற கேள்வி வெளிப்படும். சில நேரங்களில் அதை நோயாளி கேட்பதில்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் மனைவியோ மகனோ அவர் காதில் விழாதபடி தணிந்த குரலில் கேட்பதுண்டு.

இரண்டு வாரம் என்றோ ஆறு வாரம் என்றோ ஒரு கணக்கைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தக் கணக்கு எதனால் வந்தது என்று விளக்குவதற்கு வாசற்படியில் நேரம் இருப்பதில்லை. காரணம் தெரியாத கட்டுப்பாட்டை யாரும் நெடுநாள் பொறுத்துக்கொள்வதில்லை. வலி குறைந்தவுடன், "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று சாவியை எடுத்துவிடுகிறார்கள். ஆகவே அந்தக் காரணத்தை இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரு நொடியின் நீளம்

ஓடும் வண்டி நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரம் இரண்டு பகுதிகளால் ஆனது. குறுக்கே ஏதோ வருவது கண்ணில் படும் கணத்திலிருந்து கால் பிரேக்கை அழுத்தும் கணம் வரை வண்டி ஓடுகிறதே, அது முதற்பகுதி. பிரேக் பிடித்த பிறகு சக்கரங்கள் ஓயும் வரை ஓடுவது இரண்டாம் பகுதி. இரண்டாவதைப் பெரும்பாலும் டயரும் சாலையும் பிரேக்கும் தீர்மானிக்கின்றன. முதலாவதைத் தீர்மானிப்பது ஓட்டுபவரின் உடலும் உள்ளமும் மட்டுமே. புத்தம்புது வண்டி வாங்கினாலும் அந்தப் பகுதி ஓர் அங்குலம் குறையாது. சக்கரம் இறுகிப்போகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வசதி நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்குக் கட்டாயமாகிவிட்டது. அதுவும் கை பிரேக்கைப் பிடித்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும்.

மணிக்கு 60 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். ஒரு நகரப் பேருந்தின் நீளம் ஏறக்குறைய 12 மீட்டர் என்றால், கண் இமைத்துத் திறந்து ஒரு மூச்சு விடுவதற்குள் பேருந்தின் நீளத்தைவிட அதிகத் தூரத்தைக் கடந்துவிடுகிறோம் என்று பொருள். எதிர்பாராத இடையூற்றைக் கண்டு பிரேக்கை அழுத்த நலமான ஒருவருக்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடியிருக்கும். காய்ந்த, நல்ல தார்ச்சாலையில் பிரேக் பிடித்தபின் மேலும் 20 மீட்டர். ஆக மொத்தம் 45 மீட்டர். மழை பெய்து சாலை நனைந்திருந்தால் அந்த 20 மீட்டர் 35 மீட்டராகவும் நீளக்கூடும்.

இனி, அவருக்குப் பக்கத்துத் தடத்தில் அதே வேகத்தில், அதே வகை வண்டியில் இன்னொருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சளிக்காக ஒரு மாத்திரை போட்டிருக்கிறார். முந்தைய இரவு சரியான உறக்கமில்லை. அவருடைய கால் பிரேக்கைத் தொட இரண்டரை நொடி ஆகிறது. வேறுபாடு ஒரே ஒரு நொடி. முதலாமவரின் வண்டி முற்றிலும் நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாமவரின் வண்டி எந்த வேகத்தில் இருக்கும்? பாதி வேகத்துக்கு இறங்கியிருக்கும் என்றே பலரும் ஊகிக்கிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் மணிக்கு 55 கி.மீ. வருகிறது. பிரேக் தன் வேலையை அப்போதுதான் தொடங்கியிருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால், முதல் வண்டி அதன் முன் நின்றிருக்கும். இரண்டாவது வண்டி ஏறக்குறைய முழு வேகத்தோடு மோதியிருக்கும்.

"ஒரு நாள் ஓட்டினால் என்ன" என்று கேட்பவர்களிடம் நாங்கள் சொல்ல விரும்புவது இந்த 55 என்ற எண்ணைத்தான்.

அந்த ஒன்றரை நொடி எங்கே செலவாகிறது?

மனத்தில் எண்ணியதும் கை கால் அசைந்துவிடுகிறது. இடையில் நேரமே ஆவதில்லை என்றுதான் நம் அனைவருக்கும் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உடலியல் அறிஞர்களும் அப்படித்தான் கருதினர். நரம்பின் வழியே செய்தி செல்லும் வேகத்தை ஒருநாளும் அளக்க இயலாது என்று நினைத்தவர்களுள் பெரும்புகழ் பெற்ற ஜெர்மானிய உடலியலாளர் யோஹன்னஸ் முல்லரும் ஒருவர். அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ஆம் ஆண்டில் தவளையின் காலிலிருந்து எடுத்த நரம்பையும் தசையையும் கொண்டு அதை அளந்து காட்டினார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர்! மின்னலுக்கு ஒப்பிடப்பட்ட நரம்புச் செய்தி, இன்றைய விரைவு ரயிலோடு ஒப்பிடத்தக்க வேகத்தில்தான் செல்கிறது.

மனித நரம்புகளில் வேகம் இதைவிடக் கூடுதல். மூளையிலிருந்து பாதம் வரை ஒரு கட்டளை செல்ல, ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே ஆகிறது. அப்படியானால் மீதி நேரம் எங்கே போகிறது? நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வாழ்ந்த கண் மருத்துவர் ஃபிரான்சிஸ்குஸ் டோண்டர்ஸ் 1860-களில் ஒரு சோதனை செய்தார். பாதத்தில் மெல்லிய மின்சாரத் தூண்டல் கொடுப்பார். எந்தப் பக்கம் தூண்டல் பட்டதோ அந்தப் பக்கக் கையை அசைக்கவேண்டும். எந்தப் பாதம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பதில் விரைவாக வந்தது. சொல்லாவிட்டால் நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஆயிற்று. இடமா வலமா என்று தேர்ந்தெடுக்க மூளை எடுத்துக்கொள்ளும் நேரம் அது. எண்ணத்துக்கும் நேரம் ஆகிறது என்பதை ஒரு கண் மருத்துவர் கடிகாரம் வைத்துக் காட்டிய நிகழ்வு அது.

சாலையில் இடம், வலம் என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுவதில்லை. தூரத்தில் அசைவது நாயா, நெகிழிப்பையா? சாலைக்குள் வருகிறதா, விலகிப் போகிறதா? ஒலிப்பானை அழுத்தவா, திருப்பவா, பிரேக் பிடிக்கவா? பின்னால் லாரி வருகிறதா? இவ்வளவுக்கும் விடை கண்ட பிறகே கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழுந்து பிரேக்கிற்கு நகர்கிறது. நிறுத்தவேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்திருக்கும் ஓட்டுநருக்கு இதற்கெல்லாம் சேர்த்துச் சுமார் 0.7 நொடி போதும். முன்னால் செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கு எதிர்பாராமல் எரிந்தால் சுமார் 1.25 நொடி, எவரோ திடீரெனக் குறுக்கே புகுந்தால் 1.5 நொடி அல்லது அதற்கும் மேல்.

கைப்பேசி விளையாட்டில் பச்சை விளக்கு வந்ததும் திரையைத் தொட்டு, "எனக்குக் கால் நொடிதான் ஆகிறது, பாருங்கள்" என்று காட்டும் நோயாளிகள் உண்டு. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து நழுவவிட்டு, கீழே விரல்களால் பிடிக்கச் செய்யும் பள்ளிக்கூடச் சோதனையும் இதே வகைதான். இருபது சென்டிமீட்டரில் பிடித்தால் 0.2 நொடி. இரண்டிலும் என்ன வரப்போகிறது என்பது முன்பே தெரியும், செய்யவேண்டியதும் ஒன்றே. வீட்டில் பொழுதுபோக்காகச் செய்து பாருங்கள், தவறில்லை. ஆனால் அதைக் காட்டி எங்களிடம் அனுமதி கேட்காதீர்கள்.

சாலை அமைக்கும் பொறியாளர்கள் இவ்விஷயத்தில் நம்மைவிடத் தாராள மனம் கொண்டவர்கள். ஓட்டுநருக்கு முன்னால் எவ்வளவு தூரம் தடையின்றித் தெரியவேண்டும் என்று கணக்கிடும்போது, எதிர்வினைக்கு இரண்டரை நொடி ஆகும் என்று இந்தியச் சாலைகள் பேரவை வைத்துக்கொள்கிறது. அதன்படி 50 கி.மீ. வேகச் சாலையில் 60 மீட்டரும், 80 கி.மீ. வேகச் சாலையில் 120 மீட்டரும், 100 கி.மீ. வேகச் சாலையில் 180 மீட்டரும் முன்னே தெரியவேண்டும். பிரித்தானிய நெடுஞ்சாலை விதிநூலிலோ மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் நிற்கும் தூரம் 23 மீட்டர் என்றே உள்ளது. அதில் யோசிக்கும் தூரம் வெறும் 9 மீட்டர். ஒன்று விழிப்போடு இருக்கும் ஓட்டுநர் நல்ல சாலையில் நிற்கும் கணக்கு. மற்றொன்று அந்தச் சாலையில் வரக்கூடிய எவருக்கும் பொருந்தும்படி இட்ட கணக்கு. முதியவரும் களைத்தவரும் அதில் அடங்குவர். எனினும், நம் ஊர்த் தெருக்களின் வளைவுகளும், நிறுத்தி வைத்த வண்டிகளும், கடைகளின் முன் நீண்ட பந்தல்களும் அந்தப் பேரவையைக் கேட்டு அமைந்தவையல்ல.

மருந்து செய்வது

நரம்பில் செய்தி ஓடும் வேகத்தைப் பெரும்பாலான மருந்துகள் மாற்றுவதில்லை. கண்டு, இனங்கண்டு, முடிவெடுக்கும் இடைப்பகுதியைத்தான் அவை மந்தமாக்குகின்றன. இதில் நாங்கள் முதலில் சொல்லவேண்டியது, மருந்துச் சீட்டே இல்லாமல் வாங்கப்படும் சளி மாத்திரைகளைப் பற்றி. குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் பல சளி மாத்திரைகளிலும் இருமல் மருந்துகளிலும் கலந்திருக்கின்றன. அமெரிக்காவின் அயோவாவில், ஓட்டும் அனுபவத்தை அப்படியே தரும் பயிற்சிக் கூண்டில் அமரவைத்துச் செய்யப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், டைஃபென்ஹைட்ரமின் உட்கொண்டவர்கள் மது அருந்தியவர்களைவிடவும் மோசமாக ஓட்டினர். ஃபெக்சோஃபெனடின் என்ற புதிய வகை மருந்தை எடுத்தவர்கள் நன்றாக ஓட்டினர். அந்த ஆய்வில் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. ஒருவர் தமக்கு எவ்வளவு தூக்கக் கலக்கம் இருப்பதாகச் சொன்னார் என்பதை வைத்து, அவர் எவ்வளவு மோசமாக ஓட்டுவார் என்று கணிக்க இயலவில்லை.

அதாவது, "எனக்குத் தூக்கமே வரவில்லை" என்பது சான்றாகாது. மந்தமாகும் மூளைதான் தன் மந்தத்தையும் அளக்கவேண்டியிருக்கிறது.

டிரமடால் போன்ற வலி மருந்துகள், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின், பதற்றத்துக்கும் உறக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம், குளோனசிபம் ஆகியவற்றைத் தொடங்கும் முதல் சில நாட்களிலும், அளவைக் கூட்டும் நாட்களிலும் வண்டியைத் தொடாமல் இருப்பதே சரி. இரவில் போட்ட மாத்திரையின் எச்சம் மறுநாள் காலையிலும் இருக்கக்கூடும். நாட்கள் செல்லச் செல்லச் சிலருக்கு உடல் பழகிவிடும். பழகிவிட்டதா என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யவேண்டும். வண்டி ஓட்டவேண்டும் என்பதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுபவர்களையும் பார்க்கிறோம். வலிப்பு மருந்தையோ பதற்ற மருந்தையோ திடீரென நிறுத்துவது சாலையைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டுவிடும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

லாரி, ஆட்டோ, வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இவையெல்லாம் எளிதாகச் சொல்லிவிடக்கூடிய அறிவுரைகள் அல்ல என்பதை அறிவோம். ஓட்டாத நாளுக்கு வருமானமில்லை. அதனாலேயே சிலர் தம் தொழிலை எங்களிடம் சொல்லத் தயங்குகிறார்கள்; சொன்னால் தடுத்துவிடுவார்களோ என்ற அச்சம். உண்மையில், சொன்னால்தான் வழி பிறக்கும். ஒரே நோய்க்குக் கலக்கம் குறைவான மாற்று மருந்து இருக்கலாம். காலை வேளையில் எடுப்பதை இரவுக்கு மாற்ற முடியலாம். அறுவைச் சிகிச்சையின் நாளைக்கூடத் தொழிலுக்கு ஏற்றவாறு அமைக்கலாம். மருத்துவரிடம் பேசும் முதல் நாளிலேயே, "நான் வண்டி ஓட்டுபவன்" என்று சொல்லிவிடுங்கள்.

மயக்க மருந்தோ, உள்நோக்கிப் பரிசோதனைக்கு முன் தரும் அரைமயக்க ஊசியோ பெற்றவர்கள் அடுத்த 24 மணி நேரம் ஓட்டக்கூடாது. பரிசோதனை முடிந்து அரை மணியில் எழுந்து அமர்ந்து, காப்பி குடித்து, வீட்டாரோடு தெளிவாகப் பேசுவார்கள். பேசியதில் பாதி மறுநாள் நினைவில் இராது. கண்ணில் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்களுக்கும் சில மணி நேரம் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். தாமே ஓட்டித் திரும்பலாம் என்று வரவேண்டாம்.

காலும் கையும்

எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் நாங்கள் சொல்லும் வாரக் கணக்கு பிரேக்கை மனத்தில் வைத்துச் சொல்வது. வலது முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு, பிரேக் அழுத்தும் விரைவு அறுவைக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. மெதுவாக நடப்பதற்கு அதற்கு முன்பே முடியும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். நடப்பதற்கு வேண்டிய வலிமை வேறு. ஆக்சிலரேட்டரிலிருந்து பாதத்தைத் தூக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, உடல் எடையையே வைத்ததுபோல் ஓங்கி மிதிப்பதற்கு வேண்டிய வலிமை வேறு. வலிக்குமோ என்ற அச்சமும் பாதத்தை ஒரு கணம் தயங்க வைக்கும். இடது காலில் அறுவை செய்துகொண்டு, கிளட்ச் இல்லாத தானியங்கிக் கார் ஓட்டுபவர்களுக்கு இதற்கு முன்பே அனுமதி கிடைக்கலாம். மற்றவர்களுக்கு இடது காலும் வேலை செய்யவேண்டிய கால்தான்.

வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும், அறுவை வழியே மகப்பேறு கண்ட தாய்மாருக்கும் கால் நலமாகவே இருக்கும். ஆயினும் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது வயிற்றுத் தசைதான் முதலில் இறுகும், தையல் இழுக்கும், கால் தானாகவே தளரும். இங்கே இரண்டாம் பகுதித் தூரமும் நீள்கிறது, ஏனெனில் பாதி அழுத்திய பிரேக் பாதி வேலைதான் செய்யும். மருத்துவர் அனுமதித்த பிறகு, நிறுத்தி வைத்த வண்டியில் எஞ்சினை இயக்காமல் அமர்ந்து, பட்டையை மாட்டிக்கொண்டு, பிரேக்கை முழு வலுவோடு பத்து முறை மிதித்துப் பாருங்கள். ஒருமுறையேனும் முகம் சுளித்தால் இன்னும் நாள் ஆகவில்லை.

இருசக்கர வண்டி வேறு கதை. எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர் ஓட்டுவது அதைத்தான். அதன் முன்சக்கரப் பிரேக் வலது கையில் இருக்கிறது. வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு அதற்கே. மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருப்பவர், விரல்கள் வெளியே தெரிகின்றன என்பதற்காக ஓட்டலாகாது. வண்டி நின்ற பிறகும் வேலை முடிவதில்லை. நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையை ஒரு காலை ஊன்றித் தாங்கவேண்டும். அந்தக் கால் புதிதாக மூட்டு மாற்றிய காலாக இருக்கக்கூடாது.

நீண்டநாள் சர்க்கரை நோயினால் பாதம் மரத்துப்போனவர்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். இவர்களுக்கு வலி இல்லை. ஆகவே ஐயமும் எழுவதில்லை. பாதத்தின் அடியில் இருப்பது பிரேக்கா ஆக்சிலரேட்டரா, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும் திறன் அவர்களுக்குக் குறைந்துபோயிருக்கும். செருப்பு கழன்று விழுந்ததை அறியாமல் நடந்து வந்தவர் எவரும் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் ஓட்டுவதைப் பற்றி எங்களிடம் பேசுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் கிளிமிபிரைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சர்க்கரை தாழ்வதை அஞ்சவேண்டும். நடுக்கமும் வியர்வையும் தோன்றுமுன்பே முடிவெடுக்கும் திறன் குறையத் தொடங்கிவிடும். ஓட்டப் புறப்படுமுன் சோதித்து, 90 மி.கி.க்குக் கீழே இருந்தால் ஏதேனும் உண்டுவிட்டுப் புறப்படுவதும், நெடும்பயணத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை சோதிப்பதும் நல்ல வழக்கம். வழியில் தாழ்ந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி இனிப்பு உண்ணுங்கள். அளவு சரியான பின்னும் முக்கால் மணி நேரம் காத்திருக்கவேண்டும். மூளை தெளிய, இரத்தம் தெளிவதைவிடக் கூடுதல் நேரம் ஆகும்.

வலிப்பு கண்டவர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள் ஆகியோருக்கு இக்கட்டுரையைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழியிலேயே வலிப்பையும் திடீர் மயக்கத்தையும் பற்றிக் கேட்கிறார்கள். பக்கவாதத்தில் சிலருக்குக் கை கால் திரும்பிவிட்டாலும் ஒரு பக்கத்துக் காட்சி திரும்புவதில்லை; அது திரும்பவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. உணவுத் தட்டில் இடப்பக்கத்துக் கறியை மட்டும் தொடாமல் எழுவார்கள். அதை வீட்டில் உள்ளவர்தான் கவனித்துச் சொல்லமுடியும்.

உடனிருப்பவர்களுக்கு

மேலே எழுதியவற்றை நோயாளிக்காகப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இனி எழுதுவது. ஏனெனில் நோயாளி பின்னிருக்கையில் படுத்திருப்பார்; ஓட்டப்போவது நீங்கள்.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் கண்டனர். இருபத்துநான்கு மணி நேரமானால் அது 100 மில்லிகிராமுக்கு நிகர். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். காலை ஆறு மணிக்கு எழுந்து, அலுவலகம் சென்று, மாலையில் மருத்துவமனைக்கு வந்து, இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்குப் புறப்படும் மகனும் அந்த எல்லையைத் தாண்டியவர் போன்றவரே. இரவு முழுவதும் படுக்கையருகே நாற்காலியில் அமர்ந்திருந்தவரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மது அருந்தியவரைச் சோதிக்கக் கருவி உண்டு. தாய்க்குப் பக்கத்தில் கண்விழித்தவரை நிறுத்திச் சோதிக்கச் சாலையில் எவரும் இல்லை.

உறக்கக் கடன் மிகுந்தவரை மூளை கேளாமலேயே சில நொடிகள் உறங்க வைத்துவிடும். கண் திறந்திருந்தாலும் பார்வை இராது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி என்பது 67 மீட்டர். அந்த 67 மீட்டருக்கு வண்டியை எவரும் ஓட்டவில்லை. கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவதும், பாட்டை உரக்க வைப்பதும் இதைத் தடுப்பதில்லை. ஓரமாக நிறுத்தி ஒரு காப்பி குடித்து, பதினைந்து, இருபது நிமிடம் கண்ணயர்வது ஓரளவு உதவும். காப்பி வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அது வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடே தவிர, இரவு உறக்கத்துக்கு ஈடாகாது.

நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்து எழுந்தவர்களுக்கு இன்னொரு இடர் உண்டு. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மூளை முழுமையாக விழிக்கக் கால் மணியிலிருந்து அரை மணி வரை ஆகலாம். அத்துடன் அச்சமும் சேர்ந்துவிடும். அத்தகைய அழைப்பில் நாங்கள் "உடனே வாருங்கள்" என்று சொல்வதன் பொருள், விரைந்து ஓட்டுங்கள் என்பதன்று. பக்கத்து வீட்டாரை எழுப்புங்கள். அத்தகைய இரவில் எவரும் மறுக்கமாட்டார்கள். வீட்டிலேயே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அவரைத் தாமே ஓட்டிவர விடாதீர்கள்; 108-ஐ அழையுங்கள்.

வயது முதிர்ந்த தந்தையிடமிருந்து சாவியை எப்படி வாங்குவது என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் எளிய விடை இல்லை. சாவியோடு அவருடைய மதிப்பும் போய்விடுவதாக அவர் நினைக்கிறார். நினைப்பதிலும் நியாயம் உண்டு. முழுவதும் வாங்குவதற்கு முன் வேகத்தை வாங்கிப் பாருங்கள். இரண்டரை நொடி எடுத்துக்கொள்ளும் ஒருவர் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்றால் காய்ந்த சாலையில் சுமார் 37 மீட்டரில் நின்றுவிடுவார், 60 கி.மீ. வேகத்தில் செல்லும் இளைஞருக்கு 45 மீட்டர் ஆகிறது. முன்செல்லும் வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணி முடித்த பிறகே தாமும் அக்கம்பத்தை அடையும்படி இடைவெளி விடச் சொல்லுங்கள். இரவிலும் மழையிலும் வேண்டாம் என்பதை அடுத்த படியாக வைத்துக்கொள்ளலாம். கண்புரை இருந்தால் அதை நீக்கிய பின் இரவின் கூச்சம் குறையும். அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துவர அதுவே நல்ல காரணம். ஆனால், வழி தவறுகிறார், பழகிய தெருவிலேயே தடுமாறுகிறார், வண்டியில் புதிய கீறல்கள் தெரிகின்றன என்றால் வேகத்தைக் குறைப்பது போதாது. அப்போது அந்தப் பேச்சை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். மகன் சொல்லிக் கேளாதவர் மருத்துவர் சொன்னால் கேட்பதுண்டு.

வீடு திரும்பும் நாளுக்கு முதல் நாள் மாலையிலேயே, மறுநாள் வண்டியை ஓட்டப்போவது யார் என்று வார்டுச் செவிலியரிடம் சொல்லுங்கள். மருந்துச் சீட்டின் கீழே, எந்தத் தேதி வரை ஓட்டக்கூடாது என்பதை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வாய்ச்சொல் வீடு போய்ச் சேருவதற்குள் பாதியாகிவிடுகிறது. இரவு கண்விழித்தவரே ஓட்டியாகவேண்டும் என்ற நிலை இருந்தால், கணக்கு முடித்த கையோடு புறப்படவேண்டாம். காத்திருப்பு அறையின் நீள இருக்கைகள் மதியத்துக்கு மேல் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன. இரண்டு மணி நேரம் உறங்கிவிட்டுப் புறப்படுங்கள். உங்களை எழுப்பிவிடும்படி வரவேற்பறையில் சொல்லிவைக்கலாம்.